பத்தொன்பது எடுத்துப் பெயில், பதினேழு எடுத்துப் பாஸ்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர் அவுஸ்திரேலியக் குடியுரிமைப் பரீட்சைக்கு யோசனை சொல்லியிருந்தார். பயப்பட ஒன்றுமே இல்லை, போனில் ஒரு ஆப் இறக்கினால் போதும், இரண்டு நாள் உட்கார்ந்தால் வேலை முடிந்தது என்பது அவர் கணக்கு. அவருக்கு அப்படி முடிந்திருக்கலாம். என் மனைவிக்கும் முடிந்தது. ஆனால் அதே இரண்டு நாள் நானும் உட்கார்ந்து, இருபதுக்குப் பத்தொன்பது எடுத்து, பெயிலாகி வீட்டுக்கு வந்தேன். அந்தக் கதையும் உங்கள் பக்கத்தில் வரட்டும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்டுவதானால் வெட்டுங்கள், தாத்தா வரும் இடத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.

நான் 1970இல் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். கொழும்பில் ஹோட்டல் சமையலறைகளில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, 2015இல் சமையற்காரர் விசாவில் மெல்பேர்ன் வந்தேன். 2019இல் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. இப்போது டான்டினோங் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சமைக்கிறேன். காலை ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். பல் இல்லாதவர்களுக்கு அரைத்து, விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கு மசித்து, சர்க்கரை வியாதிக்காரருக்குப் புடிங்கில் சீனியைக் குறைத்துக் கொடுத்தால் என் நாள் ஓடிவிடும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் சமையலறையில் பொறுக்கியது. அதில் வேலை ஓடும், சண்டைகூடப் பிடிக்கலாம். பரீட்சைக்கு அது போதாது என்பது 2025 பெப்ரவரியில்தான் தெரிந்தது.

ஆப்பில் முந்நூறுக்கு மேல் கேள்விகள் இருந்தன. ரயிலிலும், சாப்பாட்டு இடைவேளையிலும், பொய் சொல்லக் கூடாது, கழிவறையிலும் அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் இரவு, கேள்வியின் முதல் நாலு சொல்லைப் பார்த்ததுமே விரல் சரியான விடைக்குப் போய்விடும். கேள்வி என்ன கேட்கிறது என்று நான் படிக்கவே இல்லை. விரல்தான் படித்தது.

பரீட்சை கணினியில். இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மூன்று விடை, நாற்பத்தைந்து நிமிடம். நான் பதினொரு நிமிடத்தில் முடித்துவிட்டுப் பெருமையாக எழுந்தேன். பத்தொன்பது சரி, ஆனால் தேறவில்லை என்றார்கள். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். இருபதில் பதினைந்து சரியாக இருந்தால் தேறலாம். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2020 நவம்பர் 15 முதல் இன்னொரு விதியும் இருக்கிறது. இருபதில் ஐந்து கேள்விகள் அவுஸ்திரேலிய விழுமியங்களைப் பற்றியவை. அந்த ஐந்தும் ஐந்தும் சரியாக இருக்க வேண்டும். கொடி, கூட்டாட்சி, நீதிமன்றம் என்று மற்றப் பதினைந்தில் ஐந்தைக் கோட்டைவிட்டாலும் மன்னிப்பு உண்டு. விழுமியத்தில் ஒன்று தப்பினால் கிடையாது. உங்கள் வாசகர் இதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

எந்தக் கேள்வியில் விழுந்தேன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது. பரீட்சைக் கேள்வியை அப்படியே எழுதுவது சரியில்லை, என்னைக் கவிழ்த்த சொல்லை மட்டும் சொல்கிறேன். டொலரேட். கருத்து ஒத்துப்போகாதவர்களும் ஒருவரை ஒருவர் டொலரேட் பண்ண வேண்டுமா என்கிற மாதிரிப் பயிற்சிக் கேள்வி ஒன்று உண்டு. அதே சொல் பரீட்சையில் வேறு சட்டை போட்டு வந்து நின்றது. விரலுக்கு அடையாளம் தெரியவில்லை. சரி, மூளையைக் கேட்போம் என்றால், மூளைக்கு அந்தச் சொல்லை எங்கே தெரியும்? கொழும்பில் என் பெரிய செஃப் கரண்டியை எறிந்துவிட்டு "ஐ வில் நொட் டொலரேட் திஸ்" என்று கத்துவார். இங்கே வேலையிடத்துச் சுவரில் "சீரோ டொலரன்ஸ்" என்று சிவப்பு எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, யாரையும் அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்று. ஆக, டொலரேட் பண்ணுவது என்பது இந்த நாட்டில் ஏதோ ஆகாத காரியம் என்றுதான் பத்து வருடமாக நான் விளங்கி வைத்திருந்தேன். "வேண்டாம்" என்று தொடங்கும் விடையைப் போட்டுவிட்டேன்.

அதற்குத் தமிழில் என்ன என்று அன்று இரவு பார்த்தால், சகித்துக்கொள்வது, பொறுத்துப்போவது. மனைவி அதே நாளில் இருபதுக்கு இருபது எடுத்திருந்தாள். "அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம், இருபத்திரண்டு வருஷமா உங்களோட குடும்பம் நடத்துறேன்" என்றாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

மறுபடி எழுத வாய்ப்பு உண்டு என்றார்கள். மேலதிகக் கட்டணமும் கேட்கவில்லை. விண்ணப்பத்துக்கே ஐந்நூறு டொலருக்கு மேல் கட்டியிருந்ததால் அது ஓர் ஆறுதல். நாளைத் தள்ளி, ஜூன் மாதத்துக்கு வாங்கிக்கொண்டேன். ஆப்பைப் போனிலிருந்து எடுத்தேன்.

அரசாங்கத்தின் கையேடு ஒன்று இருக்கிறது, "அவர் கொமன் பொண்ட்" (Our Common Bond) என்று. பரீட்சை முழுவதும் அதிலிருந்துதான், அதுவும் முதல் நாலு பகுதிகளிலிருந்துதான் வருகிறது. அதற்குப் பிறகு உள்ள வரலாறு, பண்பாடு எல்லாம் விருப்பமிருந்தால் படிக்க. இது தமிழிலும் இலவசமாகக் கிடைக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் கோயிலில் நான் கேட்ட பத்துப் பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. பரீட்சை இங்கிலீஷில்தானே, தமிழில் படித்து என்ன பயன் என்று மற்றவர்கள் கேட்டார்கள். நானும் பெப்ரவரிக்கு முன் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தமிழில் படித்தபோதுதான் இது நான் ஏற்கெனவே பாதி அறிந்த விஷயம் என்று தெரிந்தது. சட்டம் இயற்றுகிறவர், நடத்துகிறவர், தீர்ப்புச் சொல்கிறவர் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பதை இங்கே சேப்பரேஷன் ஒஃப் பவர்ஸ் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இதை "வலுவேறாக்கம்" என்று படித்து, அர்த்தம் தெரியாமலே எழுதிப் பாஸ் பண்ணியவன் நான். ஐம்பத்தைந்து வயதில் அர்த்தம் வந்து சேர்ந்தது.

எனக்குத் தகராறு பண்ணியது நாட்டுத் தலைவர், அரசாங்கத் தலைவர் விஷயம். நாட்டுத் தலைவர் மன்னர் சார்ல்ஸ். அரசாங்கத் தலைவர் பிரதமர். மன்னருக்குப் பதிலாக இங்கே இருப்பவர் கவர்னர் ஜெனரல், இப்போது சாம் மோஸ்டின் என்ற அம்மையார். மாநிலத்துக்கு ஒரு கவர்னர், மாநில அரசாங்கத்தை நடத்த ஒரு பிரிமியர். இலங்கையில் ஜனாதிபதி என்று ஒருவரைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்த ஐந்து பேரும் ஒரே சாம்பாரில் கிடக்கும் காய்கறி மாதிரி இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் புலம்பினேன். அவருக்கு எண்பத்து மூன்று வயது, இன்னும் ஹட்டனில்தான் இருக்கிறார். "அட, மகாதேசாதிபதிடா. நம்ம கோபல்லாவ இருந்தாரே, அந்த வேலை" என்றார். அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்தது. 1972 மே மாதம் குடியரசாகும் வரை இலங்கைக்கும் மகாராணிதான், அவருக்குப் பதிலாகக் கொழும்பில் மகாதேசாதிபதி. வில்லியம் கோபல்லாவதான் கடைசி மகாதேசாதிபதி, அவரே முதல் ஜனாதிபதியும். பாராளுமன்றத்தின் மேல்சபையான செனற் சபையும் நம்மிடம் இருந்தது, 1971இல் இல்லாமல் பண்ணினார்கள். அறுபது, எழுபது வயதுள்ள நம் ஆட்களுக்கு இந்த நாட்டு ஆட்சிமுறை புதிதே இல்லை. அவர்கள் சின்ன வயதில் பார்த்ததுதான், ஆள் மட்டும் வேறு.

இந்த நாட்டுச் செனற்றைப் பற்றிப் படித்ததில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. எழுபத்தாறு பேரில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் பன்னிரண்டு பேர். நியூ சவுத் வேல்ஸுக்கும் பன்னிரண்டு, சின்னத் தீவான டாஸ்மேனியாவுக்கும் பன்னிரண்டு. சிறுபான்மையாகப் பிறந்தவனுக்கு இதில் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. அரசியலமைப்பை மாற்றுவதும் அப்படித்தான். நாடு முழுவதும் பெரும்பான்மை கிடைத்தால் மட்டும் போதாது, ஆறில் நாலு மாநிலங்களிலும் கிடைக்க வேண்டும். இதுவரை நாற்பத்தைந்து தடவை கேட்டு எட்டுத் தடவைதான் மக்கள் சம்மதித்திருக்கிறார்கள். 2023 ஒக்டோபரில் பாராளுமன்றத்துக்கு யோசனை சொல்லப் பூர்வகுடி மக்களின் "குரல்" என்ற சபை வேண்டுமா என்று நடந்த வாக்கெடுப்பில் ஆறு மாநிலங்களும் மறுத்ததை நானே இங்கிருந்து பார்த்தேன். இலங்கையில் நம் 1978 அரசியலமைப்பு 21ஆம் திருத்தம் வரை வந்துவிட்டது. எது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பூட்டு ஒரேயடியாக இறுகியிருப்பதிலும் வில்லங்கம் உண்டு, பூட்டே இல்லாததிலும் உண்டு.

படித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சமைத்ததைக் குளிரறையில் வைக்கும்போது ஒவ்வொரு டப்பாவிலும் என்ன பண்டம், என்று செய்தது, எந்த நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சீட்டு ஒட்டுவோம். அந்தச் சீட்டில் ஒரு பக்கம் இங்கிலீஷ் சொல், பின்பக்கம் தமிழ். ஒரு நாளைக்கு இரண்டு சொல், சட்டைப்பையில். ஒரு தடவை பூசணி சூப் டப்பாவில் "ரூல் ஒஃப் லோ" என்று ஒட்டிவிட்டேன். மேற்பார்வையாளர் வந்து எந்த நாட்டுச் சாப்பாடு இது என்று கேட்டார். சட்டத்துக்கு மேல் யாரும் இல்லை, பிரதமரும் போலீசும்கூட, என்று நான் விளக்கம் சொன்னேன். சூப்புக்குத் தேதி எங்கே என்றார்.

மூன்று அடுக்கு அரசாங்கத்தைக் கரைத்துக் குடித்தது வீட்டு வாசலில்தான். பச்சை மூடி, சிவப்பு மூடிக் குப்பைத்தொட்டிகள் கவுன்சிலுக்கு. மகள் போகும் அரசுப் பள்ளிக்கூடம், நான் ஏறும் ரயில், ஆஸ்பத்திரி எல்லாம் மாநிலத்துக்கு. என் விசா, வருமான வரி, இராணுவம் மத்திய அரசுக்கு. கொடி, பொன்னிறப் பூ, ஓப்பல் கல் என்ற நாட்டுச் சின்னங்களெல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிட்டன.

புதன்கிழமைகளில் பக்கத்து நூலகத்தில் இங்கிலீஷ் பேசிப் பழகும் வகுப்பு நடக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சம்பளம் இல்லாமல் சொல்லிக்கொடுக்கிறார். ஆப்கான் அம்மா ஒருவர், கம்போடியாவிலிருந்து வந்த தையற்காரர் ஒருவர், இன்னும் நாலைந்து பேர். எல்லோரும் அவரவர் மொழிக் கையேட்டை மடியில் வைத்திருப்போம். டொலரேட் என்றால் உங்கள் மொழியில் என்ன என்று ஆசிரியை கேட்பார். ஆளுக்கு ஒரு கதை வரும். எனக்கு மட்டும்தான் இந்தச் சொல் சறுக்கியது என்று நினைத்தேன். தையற்காரருக்கும் சறுக்கியிருக்கிறது.

அந்த ஆசிரியைதான் பழைய டிக்டேஷன் பரீட்சையைப் பற்றிச் சொன்னார். ஃபிளிண்டர்ஸ் வீதியில் பழைய சுங்க மாளிகையில் இருக்கும் குடிவரவு அருங்காட்சியகத்துக்கும் போய் வரச் சொன்னார். 1901இல் ஆறு குடியேற்றங்களும் சேர்ந்து ஒரு நாடான கையோடு ஒரு சட்டம் போட்டார்கள். வந்து இறங்குகிறவரிடம் ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொல் வாசிப்பார்கள், அவர் அதைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரி இஷ்டம். வெள்ளைக்காரர் அல்லாதவரைத் திருப்பி அனுப்புவதுதான் உள்நோக்கம். 1934இல் எகன் கிஷ் என்ற எழுத்தாளர் வந்தார். அவர் வெள்ளைக்காரர்தான், ஆனால் அவருடைய அரசியல் அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்த மனிதர். அதனால் ஸ்கொட்லாந்து கேலிக் மொழியில் பரீட்சை வைத்துப் பெயிலாக்கினார்கள். உயர் நீதிமன்றம் போய், அந்தச் சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழியில் இது சேராது என்று அவர் பக்கம் தீர்ப்பு வாங்கினார். 1958 வரை அந்த டிக்டேஷன் சட்டத்தில் இருந்திருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு ஆப்கான் அம்மா, அப்படியானால் நம்முடையது பரவாயில்லை, கேள்விக்கு வேண்டியதை முன்கூட்டியே புத்தகத்தில் போட்டுக் கொடுக்கிறார்களே என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். பெயிலானவன் சொல்கிறேன், இந்தப் பரீட்சை நியாயமானது. 2007 ஒக்டோபரில் முதன்முதலாகத் தொடங்கியபோது பிராட்மனைப் பற்றியெல்லாம் கேள்வி இருந்ததாம். கிரிக்கெட் என்றால் நம் ஆட்கள் அதில் ஒரு மதிப்பெண் சும்மா வாங்கியிருப்பார்கள், அது போய்விட்டது.

இனித் தாத்தா.

கையேட்டில் வாக்களிப்பது குடிமக்களின் பொறுப்புகள் என்ற தலைப்பின் கீழ் வருகிறது. ஜூரியாக அழைத்தால் போவது, தேவைப்பட்டால் நாட்டைக் காப்பது, இவற்றோடு சேர்த்து. பயிற்சிக் கேள்வியில் நான் திரும்பத் திரும்ப அதை உரிமை, சலுகை பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தேன். மகள் இரண்டு தடவை திருத்தினாள். போடாவிட்டால் இருபது டொலர் அபராதம் அப்பா, இது உங்களுக்குத் தருகிற பரிசு இல்லை, நீங்கள் செய்ய வேண்டிய வேலை என்றாள். அவளுக்கு அது சாதாரணமாக வருகிறது. எனக்கு வரவில்லை. ஏன் என்று யோசித்தால் தாத்தாதான் வந்து நிற்கிறார்.

தாத்தா 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர். அந்தத் தேர்தலில் தோட்டத்து ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் வென்றார்கள். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, இந்திய வம்சாவளியான தோட்டத்து ஆட்கள் நாடற்றவர்களானார்கள். 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி ஓட்டைப் பறித்தார்கள். பிரஜாவுரிமை வேண்டுமென்றால் விண்ணப்பிக்கலாம் என்று இரண்டு வருடத் தவணை கொடுத்தார்கள். கல்யாணம் ஆனவர் 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் தொடர்ந்து ஏழு வருடம் இலங்கையில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். இடையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். தாத்தா யுத்த காலத்தில் தங்கச்சி கல்யாணத்துக்குப் புதுக்கோட்டைப் பக்கம் போய், காய்ச்சலில் விழுந்து, பதினாலு மாதம் கழித்துத்தான் திரும்பினார். தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் அந்தப் பதினாலு மாதம் வெறுமையாகக் கிடந்தது. விண்ணப்பம் தள்ளுபடி.

அவரிடம் யாரும் பேச்சுச் சுதந்திரம் என்றால் என்ன என்று கேட்கவில்லை. சட்டத்துக்கு எல்லோரும் கட்டுப்பட்டவர்களா என்று கேட்கவில்லை. கேட்டதெல்லாம் செக்ரோல், தோட்டத் துரையின் கடிதம், பிறப்புச் சான்று. தோட்டத்து ஆட்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரியப்பா குடும்பம் கோத்தகிரிக்குப் போய்விட்டது. தாத்தா போக மாட்டேன் என்று இருந்துவிட்டார். 1975இல் நாடில்லாமலே செத்தார். தோட்டத்து மக்களின் தலைவர் தொண்டமான் ஐயா தேர்தலில் வென்று மறுபடி பாராளுமன்றம் போனதுகூட 1977இல்தான், தாத்தா பார்க்கவில்லை. அப்பாவுக்கும் எனக்கும் 1988ஆம் வருடச் சட்டத்தால் பிரஜாவுரிமை கிடைத்தது. அடையாள அட்டை கைக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. அதனால் ஓட்டுப் போடுவது பொறுப்பு என்ற பெட்டியில் இருக்கிறதா, உரிமை என்ற பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டால் என் கை ஒரு நொடி தடுமாறத்தான் செய்யும். இப்போதும்.

2025 மே 3ஆம் திகதி பொதுத் தேர்தல். எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. நான் குடிமகன் இல்லை, எனக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் போனேன். வாசலில் பாணில் சொசேஜ் வைத்து விற்கிறார்கள், தேர்தல் நாளில் அது இங்கே ஒரு வழக்கம். ஒன்று வாங்கிக்கொண்டு மதில் ஓரம் நின்று வரிசையைப் பார்த்தேன். கைக்குழந்தையோடு பெண்கள், சக்கர நாற்காலியில் கிழவர்கள், பைஜாமாவோடு வந்த ஓர் இளைஞன். ஒருவர் முகத்திலும் பெரிதாக எதுவும் தெரியவில்லை. பால் வாங்க வந்த மாதிரி வந்து போட்டுவிட்டுப் போனார்கள். சொசேஜ் சுமார்தான், வெங்காயம் பச்சையாக இருந்தது.

ஜூனில் மறுபடி எழுதினேன். இந்தத் தடவை முப்பத்தெட்டு நிமிடம் எடுத்தேன். ஒவ்வொரு கேள்வியையும் மனதுக்குள் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பதினேழு. விழுமியம் ஐந்துக்கு ஐந்து. பத்தொன்பது எடுத்துத் தோற்றவன் பதினேழு எடுத்து ஜெயித்தேன். போன மூன்றும் எதில் போயின என்று தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "செக்ரோல் கேட்டாங்களா?" என்றார். இல்லையப்பா என்றேன். "அப்போ என்னத்தைத்தான் கேட்டாங்க?" ஒத்துவராதவர்களோடும் பொறுத்துப்போவாயா என்று கேட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "இங்க உள்ள பிரஜாவுரிமை என்ன ஆகும்?" என்றார். அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. இங்கே எடுத்தால் இலங்கையில் உள்ளது போய்விடும், இரட்டைக் குடியுரிமை வேண்டுமானால் அதற்குத் தனியாக விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். கட்டத்தான் போகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை காத்திருந்து வாங்கியதை நான் சும்மா நழுவவிட முடியாது. அப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இன்னும் பிஸ்கட் டின்னில் இருக்கிறது.

உங்களிடம் கேட்பது இரண்டு. முதலாவது ஒரு திருத்தம். அறுபது வயது தாண்டியவர்களும் இந்தப் பரீட்சை எழுதியாக வேண்டும் என்று உங்கள் வாசகர் எழுதியிருந்தார். அது பிழை. பதினெட்டிலிருந்து ஐம்பத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்குத்தான் பரீட்சை. எங்கள் பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், வயது அறுபத்தாறு. அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, "தம்பி, இனி எனக்கு உது ஏறுமே?" என்று கண்கலங்கிக்கொண்டு வந்தார். விண்ணப்பத்தையே போடாமல் நிறுத்தியிருப்பார். பெரிய எழுத்தில் திருத்தம் போடுங்கள்.

இரண்டாவது, கேள்வி விடை வேண்டாம், வாரம் ஒரு சொல் போடுங்கள். கையேட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், தெருவிலும் வேலையிடத்திலும் அதே சொல் என்ன அர்த்தத்தில் அடிபடுகிறது என்று நாலு வரி. "ஃபெயார் கோ" என்று ஒன்று இருக்கிறது, எல்லோருக்கும் சம வாய்ப்பு என்று தமிழில் சொல்லிவிடலாம், ஆனால் வேலை அட்டவணை போடும்போது இவர்கள் அதைச் சொல்லிச் சண்டை பிடிப்பதைக் கேட்டால்தான் அதன் காரம் தெரியும். என்னிடம் சப்பாத்துப் பெட்டி ஒன்று நிறையச் சீட்டுகள் இருக்கின்றன, நூற்று நாற்பது இருக்கும். சிலவற்றில் சூப் கறை. வேண்டுமென்றால் படம் எடுத்து அனுப்புகிறேன், காசு வேண்டாம்.

குடியுரிமை விழா அடுத்த மாதம் கவுன்சில் மண்டபத்தில். உறுதிமொழியில் இரண்டு வகை இருக்கிறது, கடவுள் பெயர் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மனைவி கடவுள் உள்ளதைத்தான் சொல்லப் போகிறாள், என்னையும் அதைச் சொல்லச் சொல்கிறாள். நான் இன்னும் முடிவு பண்ணவில்லை. இரண்டையும் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், வேலையிடத்தில் பூசணி சூப் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு சமையற்காரர்,
டான்டினோங், விக்டோரியா